கிளைக்கதை மாந்தரும் பெருங்கதையின் அறமும்

விடிய விடியக் கூத்தாடிய காலத்தில், கதையை எங்கே சுருக்குவது என்ற கவலை அண்ணாவிமாருக்கு இருந்ததில்லை. இரவு மத்தளம் முழங்கத் தொடங்கினால் விடிவெள்ளி காலித்த பின்னரும் களரியிலே கதை நடந்துகொண்டிருக்கும். அரசனுக்கு வரவு உண்டு. மந்திரிக்கும் தூதனுக்கும் வேடனுக்கும் இடைச்சிக்கும் வரவு உண்டு. சட்டங் கொடுக்கும் நாளிலே சிறிய பாத்திரம் கிடைத்தவனும் மனஞ் சுளிக்காமல் மாதக்கணக்காகப் பழகி, தனக்கென உடுப்புக் கட்டி, சதங்கை அணிந்து, தன் வரவுப் பாட்டுக்குத் தாளம் பிசகாமல் ஆடித்தான் களரிக்குள் வருவான். அவனுடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் பாய் விரித்து முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அன்றைய கதாநாயகன் தருமனுமல்லன், கோவலனுமல்லன். கால் நாழிகை ஆடிவிட்டுப் போகின்ற அவன்தான்.

1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இக்கூத்துகளைச் சுருக்கிச் செப்பனிட்டு நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அவ்வாறு வந்தவை. அந்த முயற்சி இல்லாதிருந்தால் நகரத்திலே படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் சுருக்கும் வழக்கம் அதன்பின் பலர் கைக்கும் போயிற்று. பாடசாலை விழாவுக்கு முப்பது நிமிடம், திருவிழா மேடைக்கு ஒரு மணித்தியாலம் என்று அளந்து கொடுக்கும்போது கத்தி முதலில் விழுவது கிளைக்கதையின் மேலேயே. அதை எடுத்துவிட்டாலும் கதை விளங்கும் என்று சொல்லப்படுகின்றது. விளங்கும் என்பதிலே ஐயமில்லை. ஆனால் எது விளங்கும் என்பதே கேள்வி.

பரதருடைய நாட்டிய சாத்திரமும் அதன்வழி வந்த நூல்களும் நாடகக் கதையை இரண்டாகப் பகுத்துள்ளன. பயனை அடைகின்ற தலைவனுடைய கதை ஆதிகாரிகம். அதற்குத் துணையாக வருவது பிராசங்கிகம். துணைக்கதையிலும் இரண்டு வகை உண்டு. நெடுந்தூரம் கூடவே வருவது பதாகை. இடையிலே சிறிது தோன்றி மறைவது பிரகரி. சுக்கிரீவனுடைய கதை பதாகைக்கு உதாரணமாகக் காட்டப்படுவது. இராமனுக்குத் துணைநின்ற சுக்கிரீவன் தன் மனைவியையும் இராச்சியத்தையும் பெற்றுக்கொண்டான். ஆகவே பிறர் காரியத்தோடு தன் காரியமும் நிறைவேறியது. பிரகரிக்குக் கூறப்படும் இலக்கணமோ சற்றுக் கடுமையானது. அதன் பலன் முழுவதும் மற்றவனுக்கே, தனக்கென்று ஒன்றுமில்லை.

இது நாடகம் எழுதுவோருக்குச் சொன்ன இலக்கணம். ஆயினும் நின்று நிதானித்து நோக்கினால் இதற்குள்ளே ஓர் அறக்கேள்வி இருப்பது தெரியும். தனக்கென்று ஒரு பலனுமின்றி, இன்னொருவருடைய கதை நடப்பதற்காக மட்டும் ஓர் உயிர் வந்து போகலாமா? கதையிலே போகலாம். எல்லாரையும் தலைவராக்கினால் கதையே நடவாது. கிளைகள் எல்லாம் அடிமரமாக விரும்பினால் மரம் நிற்காது. ஆனால் அப்படி வந்து போனவரைப் பெருங்கதையின் தலைவர்கள் எவ்வாறு நடத்தினார்கள் என்று பார்க்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு.

சடாயுவின் கதை குறுகியது. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனைத் தடுத்தான், சிறகு இழந்தான், இராமனுக்குச் செய்தி சொல்லி உயிர் நீத்தான். அரக்கன் எத்திசையிற் போனான் என்ற தகவல் மட்டும் கதைக்கு வேண்டியிருந்தது. அதைப் பெற்றவுடன் இராமன் மேலே நடந்திருந்தாலும் கதைக்கு ஊனமில்லை. அவன் அவ்வாறு செய்யவில்லை. மனைவியைத் தேடிப்போகும் அவசரத்திலும் நின்று, தந்தைக்குச் செய்யும் கடனை அந்தப் பறவைக்குச் செய்தான். தசரதனுக்கு ஈமக்கடன் செய்யக் கிடைக்காத கை, சடாயுவுக்குத் தீ மூட்டியது. புள்ளிருக்குவேளூர் என்ற சிவதலத்தின் பெயரிலேயே அந்தப் புள் இருக்கின்றது. சடாயு குண்டம் இன்றும் அங்கே உண்டு. பிரகரியாக வந்தவனுக்கு ஒரு தலத்திலே இடம் கிடைத்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் கேட்டவர்கள் இன்னொருவனையும் அறிவர். அவன் சூரபன்மனுடைய மகன் இரணியன். தந்தைக்கு நல்லறிவு கூறினான், ஏச்சு வாங்கினான், பின் மகனுக்குரிய கடமையென்று போருக்கும் போனான். போரிலே தோற்றபோது, தந்தையும் மடியப்போகின்றான், நீர்க்கடன் செய்ய ஒருவனாவது இருக்கவேண்டும் என்று எண்ணி மீன் வடிவெடுத்துக் கடலுக்குள் மறைந்தான். சூரசங்காரத்தைக் காண வந்தவருக்கு இவன் வேண்டியதில்லை. திருவிழாவிலே இவனுக்குச் சூரன்போல ஓர் உருவும் இல்லை. ஆனாலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்நூலிலே கச்சியப்பர் இவனுக்காக யுத்தத்தைச் சற்று நிறுத்தினார். ஓடியது கோழைத்தனமா கடமையா என்பதற்கு இரு பக்கமும் நியாயம் பேசலாம். அதர்மத்தின் பக்கம் பிறந்துவிட்ட பிள்ளைக்கு எது தர்மம் என்ற கேள்வியை வேலோ மயிலோ கேட்பதற்கில்லை. இந்தக் கிளைக்கதைதான் கேட்கமுடியும்.

இனி, மகாபாரதத்திலே அதிகம் பேசப்படாத ஓர் இரவு. வாரணாவதத்து அரக்கு மாளிகையிலே பாண்டவர்கள் தாயோடு தங்கியிருந்தார்கள். மாளிகையைக் கொளுத்தப் புரோசனன் காலம் பார்த்திருந்தான். விதுரருடைய எச்சரிக்கையால் சூழ்ச்சியை அறிந்திருந்த பாண்டவர்கள் நிலத்துக்கடியில் சுரங்கமும் தயாராக வைத்திருந்தார்கள். ஒருநாள் குந்திதேவி அந்தணருக்கும் மற்றவர்க்கும் அன்னமளித்தாள். உணவு நாடி ஒரு வேட்டுவப்பெண் தன் ஐந்து ஆண்மக்களோடு வந்தாள். காலத்தால் ஏவப்பட்டு வந்தாள் என்று வியாசபாரதம் கூறுகின்றது. அவர்கள் உண்டார்கள், மது அருந்தினார்கள், மயங்கி அங்கேயே உறங்கினார்கள். அன்றிரவு வீமன் மாளிகைக்குத் தீ மூட்டினான். பாண்டவர் ஐவரும் தாயும் சுரங்கவழியே தப்பினார்கள். விடிந்தபின் ஊரார் சாம்பலைக் கிளறியபோது ஒரு பெண்ணும் ஐந்து ஆடவரும் எரிந்து கிடக்கக் கண்டு, குந்தியும் மக்களும் மாண்டனர் என்று அழுதார்கள். செய்தி அத்தினாபுரம் சென்றது. திருதராட்டிரன் நீர்க்கடன் செய்வித்தான். எரிந்துபோன அறுவருக்கும் இவ்வாறு கடன் நடந்தது. ஆனால் வேறு ஆறு பெயர்களிலே.

அந்தப் பெண்ணுக்கு நூலிலே பெயர் இல்லை. அவளுடைய பிள்ளைகளுக்கும் இல்லை. பாண்டவர் தப்பியது எவருக்கும் தெரியாமலிருக்க ஆறு உடல்கள் வேண்டியிருந்தன, அவை கிடைத்தன. துரியோதனன் தேடாதிருந்ததும், பாஞ்சாலியின் சுயம்வரம்வரை பாண்டவர் மறைந்து வாழ முடிந்ததும் அவ்வுடல்களால் வந்த நன்மை. நாட்டிய சாத்திரம் கூறும் பிரகரிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இது திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று வியாசர் கூறவில்லை. குந்தி அவர்களை வலிந்து அழைத்ததாகவும் இல்லை. உயிருக்கு அஞ்சி ஓடுபவரிடம் நுண்ணிய அறம் எதிர்பார்ப்பது முறையோ என்று கேட்பாரும் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. துப்பாக்கிச் சத்தத்துக்கும் எறிகணைக்கும் அஞ்சி ஓடிய அனுபவமுள்ள மக்கள் அதை மற்றவரிலும் நன்றாக விளங்கிக்கொள்வார்கள். ஓடும்போது கையில் அகப்பட்டதைத்தான் தூக்கலாம். ஆயினும் இங்கே தீ பகைவன் வைத்ததன்று. நாளையும் நேரத்தையும் தெரிந்தெடுத்தவர்கள் பாண்டவர்களே. உறங்கியவர்களைத் தட்டி எழுப்ப ஒரு கணம் போதும். எழுப்பியிருந்தால் இரகசியம் வெளிப்பட்டிருக்கலாம் என்பதும் உண்மைதான். அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே ஆறுபேர் எரிந்து கிடக்கின்றார்கள்.

பாரதத்தின் முடிவிலே, தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமர் மறுத்துநின்ற கட்டம் பிரசங்கிகள் விரும்பிச் சொல்வது. அடைந்தவரைக் கைவிடலாகாது என்பது அவர் காட்டிய நியாயம். பெரிய நியாயம்தான். அரக்கு மாளிகையிலே சோறுண்டு உறங்கியவர்களையும் அதே நியாயத்தின் பக்கத்திலே வைத்துப் பிரசங்கம் செய்பவர் அரிது. நெடுங்காலத்தின் பின் குந்தி, திருதராட்டிரனோடும் காந்தாரியோடும் வனத்திலே தவம் செய்கையில் காட்டுத்தீயிலே மடிந்தாள் என்று பாரதம் கூறும். அந்தத் தீக்கும் இந்தத் தீக்கும் வியாசர் முடிச்சுப் போடவில்லை. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி தமது சிறுகதையொன்றிலே போட்டார்: முதுமையில் வனத்திலிருக்கும் குந்தி கர்ணனுக்குச் செய்த பாவத்தையே நினைத்து வருந்த, அந்த வேட்டுவக் குடும்பத்தின் மருமகள் ஒருத்தி வந்து, அறுவர் எரிந்தது நினைவிலேயே இல்லையா என்று கேட்கின்றாள். குந்திக்கு அது நினைவில் இல்லை. பெருங்கதைக்காரர் செய்கின்ற பிழை பல சமயங்களில் கொடுமையன்று, மறதி.

ஆங்கில நாடகத்திலும் இத்தகைய பெயரற்ற ஒருவன் உண்டு. சேக்சுபியரின் லியர் மன்னனிலே இரண்டு தந்தையர் கதைகள் ஒன்றையொன்று பின்னிச் செல்கின்றன. மன்னன் லியர் முதல்வன்; குளோசுற்றர் பிரபு கிளைக்கதைக்குரியவன். குளோசுற்றருடைய கண்களைக் கோர்ன்வால் என்ற பிரபு பிடுங்கும்போது, சிறுவயது முதல் அவன் வீட்டிலே ஊழியம் செய்த பணியாளன் ஒருவன் பொறுக்கமாட்டாமல் எசமானுக்கு எதிராக வாளை உருவுகின்றான். எசமானைக் காயப்படுத்துகின்றான், பின்னாலிருந்து குத்துண்டு சாகின்றான். உடலைக் குப்பைமேட்டிலே எறியச் சொல்கின்றார்கள். நாடகத்திலே அவனுக்குச் சில வரிகள்தான். ஆனால் அந்தக் காயத்தாலேயே கோர்ன்வால் இறக்கின்றான். கிளைக்கதைக்குள்ளும் ஒரு சிறு கிளை அவன். அந்த மண்டபத்திலே மனிதனாக நடந்துகொண்டவனும் அவனே.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால், இளங்கோவடிகள் கிளைக்கதையை எவ்வளவு பொறுப்போடு கையாண்டார் என்பதற்குப் பதினைந்தாவது காதையாகிய அடைக்கலக் காதை ஒன்றே போதும். மறுநாள் கோவலன் கொலையுண்ணப் போகின்றான். அதுவரை கேட்பவர் கண்ட கோவலன் யார்? மனைவியைத் தனியே விட்டவன். மாதவியிடம் பொருளைத் தொலைத்தவன். ஐயத்தால் அவளையும் பிரிந்தவன். இந்த வேளையிலேதான் மாடலமறையோன் வந்து கோவலனுடைய பழைய செயல்களைச் சொல்கின்றான். மதயானையின் கைப்பட்ட முதிய அந்தணனைக் காத்தது ஒன்று. பொய்ச்சாட்சி சொல்லிப் பூதத்தின் கையிலே அகப்பட்டவனுக்காகத் தன்னுயிரைத் தர முன்வந்தது இன்னொன்று. நடுவே கீரியின் கதை.

பிள்ளையைப் பாம்பிலிருந்து காத்த கீரியை, அதன் வாயிலே இரத்தம் கண்டு, பிள்ளையைத்தான் கடித்துவிட்டதென்று எண்ணிக் கொன்றாள் ஒரு பார்ப்பனி. அவள் கையால் உண்பது தகாதென்று கணவன் வடதிசை நோக்கிப் போய்விட்டான். பாவத்துக்குப் பரிகாரம் செய்யப் பொருளில்லாமல் அவள் வணிகர் வீதியிலே வீடுவீடாக அலைந்தாள். கோவலன் அவளை அழைத்துக் கேட்டான். பரிகாரத்துக்கு வேண்டிய தானம் கொடுத்தான். போன கணவனையும் திரும்பச் சேர்த்துவைத்தான்.

கூத்திலே வெட்டப்படுவதற்கு மிக வசதியான இடம் இதுதான். கோவலன் கதைக்கும் கீரிக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். ஆனால் மறுநாள் மதுரையிலே நடந்தது என்ன? கையிலே சிலம்பு கண்டார்கள்; விசாரியாமல் வெட்டினார்கள். அங்கே வாயிலே இரத்தம். இங்கே கையிலே சிலம்பு. விசாரியாமற் கொன்ற ஒருத்தியின் பாவத்தைத் தீர்க்கப் பொருள் கொடுத்தவன், விசாரியாமற் கொல்லப்படுகின்றான். அவனுக்குப் பரிகாரம் தேடப் பாண்டியனிடம் உயிரைத் தவிர வேறு பொருள் இருக்கவில்லை. கிளைக்கதையைக் கேட்டவருக்கே கொலைக்களத்தின் முழுப்பாரமும் விளங்கும். ஊராருக்கு வள்ளலாக இருந்தவன் மனைவிக்குச் செய்த குறை அந்த வள்ளன்மையால் ஈடாகுமா என்ற கேள்வியும் அங்கேயே எழுகின்றது. இளங்கோ அதற்கு விடை கூறாமலே காதையை நடத்திச் செல்கின்றார்.

அதே காதையிலேதான் மாதரி வருகின்றாள். அவள் ஓர் இடைச்சி. கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரி வீட்டை ஒழித்துக் கொடுத்தாள், நீராட்டினாள், சமைக்கக் காய்கறியும் அரிசியும் பால்பொருளும் கொடுத்தாள், மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். கோவலனுக்குக் கண்ணகி கடைசியாகச் சோறு போட்டது அந்தக் குடிசையிலேதான். மறுநாள் எல்லாம் முடிந்தது. கண்ணகி கதை மதுரையை விட்டுச் சேரநாட்டு மலைக்குப் போய்விட்டது. மாதரி என்ன ஆனாள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. பன்னிரண்டு காதைகள் கழித்து, நீர்ப்படைக் காதையிலே, சேரன் செங்குட்டுவனிடம் மாடலன் மற்றச் செய்திகளோடு செய்தியாகச் சொல்கின்றான்: அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயிலே பாய்ந்து இறந்துவிட்டாள்; கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். அவள் என்ன தவறினாள்? கோவலனை நகருக்கு அனுப்பியது அவளன்று. பொற்கொல்லன் செய்த களவு அவளுக்குத் தெரியாது. வழக்கு மன்றத்திலே அவளை யாரும் குற்றஞ் சாட்டவுமில்லை. அவளே தன்னை விசாரித்து, தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பாண்டியன் உயிர்விட்டதைப் போற்றுகின்ற உலகம், குற்றமேதும் செய்யாமலே உயிர்விட்ட இந்த இடைச்சியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இன்னும் வேதனையானது கொற்கையிலே நடந்தது. பாண்டியன் மாண்டபின் நாட்டிலே மழையின்றி வறுமையும் நோயும் பரவ, அடுத்து வந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினந் தணிப்பதற்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. களவு செய்தவன் ஒருவன். மடிந்தவர் ஆயிரவர். அவர்களுக்கும் பெயரில்லை, அவர்களுடைய பட்டறைகளும் பிள்ளைகளும் எந்தக் காதையிலும் வருவதில்லை. கண்ணகியோ தன் கோபத்தின் உச்சியிலே நின்றபோதும், முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் பத்தினிகளையும் அந்தணரையும் அறவோரையும் தொடாதே, தீயவர் பக்கம் போ என்று தீக்கடவுளுக்குச் சொல்லியே அனுப்பினாள். எரித்தவள் ஆளறிந்து எரித்தாள். அவளை வழிபட வந்தவன் சாதி பார்த்துக் கொன்றான். தெய்வத்தின் பெயரால் நடப்பதெல்லாம் தெய்வம் கேட்டதன்று என்பதற்குப் பழந்தமிழிலே இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஓரத்திலே நின்றவரை நடுவே கொண்டுவரும் முயற்சி இக்காலத்து எழுத்தாளரிடம் பெருகியது. இலக்குவனோடு பதினான்கு ஆண்டு பிரிந்திருந்த ஊர்மிளையைக் கவிகள் மறந்துவிட்டார்களே என்று தாகூர் ஒரு கட்டுரையிலே வருந்தினார். 1931இல் மைதிலிசரண் குப்தர் இந்தியிலே எழுதிய சாகேத் அவளுக்கு இடங்கொடுத்தது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய சாபவிமோசனம், இராமாயணத்திலே சில பாடல்களோடு முடிந்துபோகும் அகலிகையைத் தனிக்கதையின் தலைவியாக்கியது. இவற்றுள் சில நல்லவை; சில, பழைய தலைவர்களை ஏசுவதோடு நின்றுவிடுகின்றன. ஏசுவது இலகு. மாதரியின் வீட்டுக்குள்ளே போய் அவள் அந்த ஒருநாள் இரவை எப்படிக் கழித்தாள் என்று காண்பதே கடினம்.

ஆனால் எழுத்தாளர் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்னரே நாட்டு மக்கள் தம் வழியிலே ஒன்றைச் செய்துவிட்டார்கள். இலங்கையின் கிழக்கிலே கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை படிக்கப்படும். சடங்கின் நிறைவிலே குளிர்த்தி நடைபெறும். மதுரையை எரித்த வெப்பம் ஆறாமல் வந்த அம்மனை இடைச்சேரிப் பெண்கள் குளிரச் செய்தார்கள் என்பது அங்கு வழங்கும் வரலாறு. சேரன் கல்லெடுத்ததும் கோயில் கட்டியதும் அந்தச் சடங்கிலே பெரிதல்ல. நள்ளிரவு கடந்த வேளையிலே, கூடிநிற்கும் சனங்கள் கண் மூடாமல் காத்திருப்பது குளிர்த்திக்காகவே. இளங்கோவின் காப்பியத்திலே ஓரிரு காதைகளில் வந்து, செய்தியாக முடிந்துபோன ஆய்ச்சியர் குலத்துப் பெண்கள், அங்கே அம்மனுக்கு மிக அருகில் நிற்கின்றார்கள்.